நோர்வேப் பிள்ளைகளுக்கு ஏசிய கதை

என் வாய் பொல்லாத வாய். எங்கள் ஊர் தண்ணீரூற்றில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சின்ன வகுப்புகளுக்குக் கணிதம் படிப்பிக்கும் ரீச்சருக்கு அது வேண்டியதுதான் என்று நானும் கவலைப்படாமல் இருந்தேன். அந்த வாய் நோர்வே வரை போய் வழக்கில் மாட்டும் என்று யார் கண்டது?

என்னோடு ஒன்றாகப் படித்தவள் இப்போது நோர்வேயில் மென்பொருள் எழுதுகிறாள். இங்குள்ள பிள்ளைகளும், அங்கே வார இறுதியில் தமிழ்ப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் ஒரே கணக்குகளைச் செய்து பழக ஒரு மென்பொருளை இருவரும் சேர்ந்து உருவாக்கினோம். கணக்கும் குரலும் என்னுடையவை, மற்றதெல்லாம் அவளுடையது. தன் விடுமுறைகளையெல்லாம் அவள் அதிலேதான் கரைத்தாள்.

பிழையான விடைக்கு "மீண்டும் முயற்சி செய்க" என்று சொல்லும்படி எழுதி அனுப்பியிருந்தாள். அதற்கு எந்தப் பிள்ளை அசையும்? மயில் கத்துவது கேட்காமலிருக்கக் குசினிக் கதவைச் சாத்திவிட்டு, வகுப்பில் சொல்வதையே பதிந்தேன். முதல் பிழைக்கு, "எங்கை பாக்கிறீர்? கணக்கு முகட்டிலையோ கிடக்கு?" இரண்டாவதற்கு, "மாடுகூடப் பட்டிக்குப் போற வழியைப் பிழைவிடாது, பிள்ளை." மூன்றாவதற்கு, "எழும்பிப் போய்த் தண்ணி குடிச்சிட்டு வாரும். நான் இருக்கிறன்." அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அப்படியே சேர்த்துக்கொண்டாள்.

நோர்வேத் தமிழ்ப் பள்ளிக்கூடம் அதை ஒரு தவணைக் காலம் பார்த்துவிட்டு, வைத்திருப்பதா விடுவதா என்று சொல்வதாக இருந்தது. தவணை பாதியில் அவள் அழைத்தாள்.

"உன்ர வாயால எல்லாம் போகப்போகுது. கெட்டிக்காரப் பிள்ளையள்கூட ஒவ்வொரு கணக்கையும் மூண்டுதரம் பிழைவிடுதுகள். ரீச்சர் வெருட்டுறா, பிள்ளையள் பயந்துபோச்சினம் எண்டு நிர்வாகம் சொல்லுது."

எனக்குக் கோபம் மூக்கின் மேல் வந்தது. ஆனாலும் அவள் பட்ட பாடு வீணாகக்கூடாதே என்று, பனங்கட்டி கரைத்த குரலில் எல்லாவற்றையும் திரும்பப் பதிந்தேன். "பரவாயில்லை, செல்லம்." எனக்கே குமட்டியது. பிழைகள் நின்றன. பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள், மென்பொருளை ஒருவரும் திறக்கவில்லை.

பிறகுதான் அவள் ஒரு சிறுமியின் பக்கத்தில் போய் இருந்து, என்ன சங்கதி என்று கேட்டிருக்கிறாள்.

"அந்த ரீச்சர் எங்கை?" என்றாளாம் சிறுமி. "இங்கை எல்லாரும் சூப்பர், சூப்பர் எண்டு பாக்காமலே சொல்லுவினம். அவா பாக்கிறா."

என் ஏச்சைக் கேட்கத்தான் வேண்டுமென்றே பிழைவிட்டிருக்கிறார்கள், குறும்புகள். இதை என் வகுப்பில் சொன்னேன். "எங்களுக்கெண்டா ஒவ்வொரு நாளும் சும்மா கிடைக்குது, ரீச்சர்," என்றது ஒன்று.

ஏச்சைச் சரியான விடைக்கு மாற்றினோம். பிழைவிட்டால் சத்தமே இல்லை. சரியாகச் செய்தால் நான் வருவேன்: "இதை முதலே செய்திருக்கலாமே? ஆரைப் பாத்துக்கொண்டிருந்தனீர்?" பாடம் முடியும்போது விடைபெற ஒரு வரி தேவைப்பட்டது. "சரி, நான் போறன்" என்று பதிந்து அனுப்பினேன். அவள் உடனே அழைத்து, "விசரி, போறன் எண்டு ஆரும் சொல்லுறதே?" என்று எனக்கு ஏசினாள். உண்மைதான். எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லிவிட்டு யாரும் படலையைத் தாண்ட முடியாது. "போட்டு வாறன்" என்று மாற்றினேன்.

தவணை முடிவில், வைத்துக்கொள்கிறோம் என்றது பள்ளிக்கூடம். அந்தச் செய்தியோடு அவள் ஒரு சிறு காணொளியும் அனுப்பியிருந்தாள். அந்தச் சிறுமி கடைசிக் கணக்கைச் சரியாக முடிக்கிறாள். "போட்டு வாறன், பிள்ளை," என்கிறது என் குரல். அவள் திரையைப் பார்த்துத் தலையாட்டுகிறாள்.

"ஓம், ரீச்சர். கெதியா வாங்கோ."

என்னைக் கண்டே இராத பிள்ளை, விரைவாக வரச் சொல்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த நாள் வகுப்பில் யாரையும் ஏச வாய் வரவில்லை. ரீச்சருக்குக் காய்ச்சலோ என்று பிள்ளைகள் கேட்டார்கள்.