இல்லாத படகு

என் அக்கா பதினொரு வருடமாக ரேடார் ஆய்வுக்கூடத்தில் ஒரே வேலையைத்தான் செய்கிறாள்: சிக்னலுக்கு வடிவம் கொடுப்பது. துறைமுகத்துக்காக அவர்கள் செய்யும் ரேடாரில் நான்கு ஆன்டெனாக்கள் ஒரே நேரத்தில் சிக்னல் அனுப்பும். எதிரொலிகள் கலந்துதான் திரும்பும். எது எந்த ஆன்டெனாவுடையது என்று பிரிக்க வேண்டுமானால் நான்கு சிக்னல்களும் தாமரை இலைத் தண்ணீராக ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வேண்டும்.

போன வருடம் அவள் செய்த நான்கும் கச்சிதமாகப் பிரிந்தன. எதிரே இருந்தது அசையாமல் நின்றவரைக்கும்தான். வேகமாக நகர்ந்ததும் ஒன்றின் எதிரொலி இன்னொன்றில் கசிந்து, திரையில் இல்லாத படகு ஒன்று முளைத்தது. அக்கா அதை ஒளிக்கவில்லை. அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில் படத்தோடு எழுதினாள்.

மேலதிகாரிக்கு ‘ஸ்லைடு சார்’ என்று பட்டப்பெயர். ரேடாரைத் தொட்டதே இல்லை, ஸ்லைடுகளிலேயே காலம் தள்ளுபவர்.

“இந்தப் பக்கத்தை எடுத்துடும்மா. துறைமுகத்துக்காரங்க பயந்துடுவாங்க.”

“பயப்படணும்னுதான் சார் எழுதினேன். துறைமுகத்துல படகெல்லாம் நின்னுக்கிட்டேவா இருக்கும்?”

பக்கம் போய்விட்டது. அது இல்லாத அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்தவளைக் கேபிள் அறைக்கு மாற்றினார்கள்.

“ஊரோட ஒத்துப்போனா என்னடி?” என்றாள் அம்மா.

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றியாம்மா?” அக்கா சாப்பிடாமலே எழுந்துவிட்டாள்.

துறைமுகத்தில் செயல்விளக்கம் நடந்த அன்று கேபிள் சுமந்துகொண்டுதான் போனாள். இரண்டு படகுகள் வேகமெடுத்தன. திரையில் மூன்று தெரிந்தன. “எதிர்ல படகு, திருப்பு!” என்று திரையைப் பார்த்தவர்கள் ஒயர்லெஸ்ஸில் கத்தினார்கள். படகோட்டி திருப்பினார். படகு துறைமுகச் சுவரில் மோதி அவருடைய மணிக்கட்டு முறிந்தது.

“ஓட்டினவன் தப்பு” என்றார் ஸ்லைடு சார், கூசாமல்.

அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “அவர் மேல தப்பே இல்லை. சிக்னல்ல தப்பு. அதைச் செஞ்சவ நான். இப்படி ஆகும்னு எழுதியும் குடுத்தேன்” என்று தன் செல்போனிலிருந்த ஒன்பதாம் பக்கத்தைத் துறைமுக அதிகாரியிடம் நீட்டினாள்.

அதன்பிறகுதான் அவளை மறுபடி மேசைக்குக் கூப்பிட்டார்கள். ஓடும் பொருளின் வேகத்துக்கும் கசியாத நான்கு சிக்னல்களைச் செய்து முடிக்க ஐந்து மாதம் ஆனது. ஸ்லைடு சாரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், அதுவும் பதவி உயர்வோடு! விசாரணை அறிக்கையில் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று இரண்டே வார்த்தை.

விபத்து நடந்த மறுவாரம் படகோட்டியைப் போய்ப் பார்த்தது அக்கா மட்டும்தான். மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் கேட்டாராம்: “நீங்க எதுக்கும்மா மன்னிப்பு கேக்குறீங்க? கேக்க வேண்டிய ஆளு எங்கே?”

அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அக்காவின் குரல் நடுங்குகிறது. அழுகையில் அல்ல, ஆத்திரத்தில்.