படத்தின் ஓரத்தில் குடைக்காரர்

இணையத்தில் எங்கள் புகைப்படக் குழுவில் என் கோணல் படங்களுக்கு முதல் லைக் போடும் ஒரே ரசிகர் அவர். ஆரல்வாய்மொழியில் நான் காற்றாலைகளைப் படமெடுத்தபோது நேரில் வந்து அறிமுகம் செய்துகொண்டார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை, நொடிக்கொரு தரம் திரும்பிப் பார்க்கும் கழுத்து. போனில் என் படங்களைப் பெரிதாக்கிக் காட்டினார். வடசேரிச் சந்தை, இனயம் கடற்கரை, எல்லாவற்றின் ஓரத்திலும் அதே குடையோடு அவர்.

“எதுக்கு எனக்க பின்னாலயே வாறிய?” என்றேன்.

“கொள்ளாமே! நீங்கல்லா சாரே எனக்க பொறத்தால வாறிய! பயமா இருக்கு. இனி என்னைய எடுக்காதிய.”

எடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

நேற்று வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு, மேசைமேல் ஒரு பலாப்பழத்தை மட்டும் படமெடுத்துப் போட்டேன். முதல் லைக் அவருடையது. கீழே ஒரு வரி: “வாக்கு தந்தியளே சாரே.”

அந்தப் படத்தை நான் இன்னும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.