படிவத்தில் நான் போட்ட 'இல்லை'

மயிலாப்பூரில் ஒரு பல் மருத்துவமனையில் பல வருடங்களாக உதவியாளாக இருக்கிறேன். கருவிகளைக் கழுவுவது, வருபவர்களை நாற்காலியில் உட்கார வைப்பது, அவர்களைக் கேட்டுப் படிவத்தை நிரப்புவது என் வேலை. ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் படிவம் தமிழில்தான். உண்டு, இல்லை என்று டிக் போட்டால் போதும்.

என் மனைவியின் அண்ணன் எங்கள் தெருப் பள்ளிவாசலில் முன்னால் நின்று ஓதித் தொழ வைப்பவர். படிக்கட்டில் விழுந்து மேல் முன்பற்கள் இரண்டும் போய்விட்டன. அரபியில் சில எழுத்துகளுக்கு நாக்கு நுனி முன்பல்லின் விளிம்பைத் தொட வேண்டும். பல் இல்லாவிட்டால் வெறும் காற்றுதான் வரும். அவரே இன்னொருவரை முன்னால் நிற்கச் சொல்லிவிட்டு, பின்னால் எங்கள் வரிசைக்கு வந்துவிட்டார். நான்தான் டாக்டரம்மாவிடம் பேசி இம்ப்ளாண்ட் வைக்க அழைத்துப் போனேன். எலும்பில் திருகைப் பதித்து, அதன்மேல் பல் கட்டுவார்கள்.

அப்போது அங்கே கம்ப்யூட்டரில் புதிதாக ஒன்று வந்திருந்தது. எக்ஸ்ரேயையும் படிவத்தையும் கொடுத்தால், பிற்காலத்தில் திருகைச் சுற்றி எலும்பு கரையுமா என்று முன்கூட்டியே சொல்லும். பச்சை வந்தால் பயமில்லை. சிவப்பு என்றால் யோசிப்பார்கள்.

சுகர் என்ற இடம் வந்ததும் மச்சான் என் கையைப் பிடித்தார்.

"இல்லைன்னு போடு மாப்ள."

"மாத்திரை சாப்புடுறீங்களே மச்சான்."

"எழுதினா நோன்பு வைக்காதேம்பாங்க. நோன்பு வைக்காதவன் முன்னால நின்னு இன்னாத்த தொழ வைக்கிறது? நீ பெரிய டாக்டரு. போடுய்யா."

எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. போட்டேன். பத்து நாள் சோற்றைத் தொடாமல் இருந்து ரத்தப் பரிசோதனையையும் அவர் தாண்டிவிட்டார். கம்ப்யூட்டர் பச்சை காட்டியது.

அந்த ரமலானில் மஃரிபுக்கு, அந்தித் தொழுகைக்கு, அவர் ஓதியபோது எழுத்துகள் சுத்தமாக விழுந்தன. எனக்கு நெஞ்சு நிறைந்தது. மாதம் முழுக்க அவர் மாத்திரையைத் தொடவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அடுத்த வருட எக்ஸ்ரேயில் எலும்பு கரைந்து திருகின் ஒரு மரைச் சுற்று வெளியே தெரிந்தது. அதற்கடுத்த வருடம் நான்கு. ஈறை அழுத்தினால் சீழ் வந்தது. டாக்டரம்மா பழைய படிவத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"பச்சைன்னுதானே வந்துச்சு. சிகரெட் இல்ல, சுகர் இல்ல. எங்க தப்பு பண்ணேன்னே தெரியல."

அவர் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டதை என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. 'உண்டு' என்று மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். சிவப்பு வந்தது.

"சுகரைக் குறைச்சுட்டு அப்புறமா வச்சிருக்கலாமே. நோன்புக்கு ஏத்த மாதிரி மாத்திரை நேரத்தை மாத்திக் குடுக்கிறாங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றார்.

இரண்டு திருகுகளையும் எடுத்துவிட்டார்கள். மறுபடி வைக்க அங்கே எலும்பு போதாதாம். கழற்றி மாட்டும் பல், ஓதும்போது அசைகிறது.

திருகுகளை எடுத்த அன்று ஆட்டோவில் மச்சான் வெளியே பார்த்தபடி வந்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா உன் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன் மாப்ள." லஸ் முனை தாண்டிய பிறகு, "பல்லு இருந்திருக்கும்," என்றார்.

இப்போது மஃரிபுக்கு அவர் என் பக்கத்தில்தான் நிற்கிறார். முன்னால் வேறொருவர் ஓதுகிறார். அந்த எழுத்துகள் வரும் இடங்களில், என் தோளை ஒட்டி நிற்கும் அவர் தோள் லேசாக இறுகுகிறது.