அறிக்கையில் பெயர் இல்லாதவர்

கொரோனா ஓய்ந்து சில காலம் ஆகியிருந்தது. திருநெல்வேலியில் ஓர் ஓட்டலின் மாடி அரங்கில், கையில் டீக் கோப்பையோடு நின்றபடி நான் ஒருவரைக் காட்டிக் கொடுத்தேன். அதற்கு ஒரு வார்த்தைகூடப் பேசத் தேவைப்படவில்லை. சிரித்தேன், அவ்வளவுதான்.

நான் சட்டக் கல்லூரியில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவன். எழுபதைத் தாண்டிவிட்டேன். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் தவித்தபோது, வெளியூர் ஆய்வு மையம் ஒன்று என்னைத் தேடி வந்தது. கடலோரப் பாதுகாப்பை இறுக்கும்போது சட்டத்தின் ஆட்சி என்ன ஆகிறது என்பது அவர்கள் ஆய்வு. கடலில் சந்தேகமான படகு ஒன்று பிடிபட்டால், கரையில் குடியிருப்பவர்களிடம் போலீஸ் சட்டம் சொன்ன முறைப்படி நடக்கிறதா, தோன்றியபடி நடக்கிறதா? இதைத்தான் நான் கேட்டு எழுத வேண்டும். காலமெல்லாம் வகுப்பில் பேசியதை நேரில் பார்க்கப் போகிறோம் என்று எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

தாமிரபரணி கடலில் சேரும் பக்கத்து ஊர்களுக்கு, ஸ்ரீவைகுண்டம் வழியாகப் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். போன இடமெல்லாம் டீ கிடைத்தது. பேச்சுதான் கிடைக்கவில்லை. “ஸ்டேஷனா? ஒரு கொறையும் இல்ல சார்வாள், நல்லா வச்சிருக்காவ” என்பார்கள். ஒரே ஒருவர்தான் மனம்விட்டுப் பேசினார்.

அவரை ஓர் ஏசி மெக்கானிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் அவர் ஏசி மெக்கானிக் இல்லை. அவர் ஊர், மதம், வயது எதையும் நான் சொல்லப் போவதில்லை. வளைகுடாவில் வேலை பார்த்தவர் என்பதை மட்டும் சொல்கிறேன். அந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் அப்படி உண்டு.

அவர் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த சமயம், கடலில் ஏதோ ஒரு படகு பிடிபட்டது. வெளிநாடு போய்வந்தவர்களின் பாஸ்போர்ட்டுகளை ஸ்டேஷனில் கேட்டு வாங்கினார்கள். பார்த்துவிட்டுத் தருவதாகச் சொன்னார்கள். ரசீது எதுவும் கொடுக்கவில்லை. அப்படி வாங்கி வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கேட்கப் போகும் போதெல்லாம் வாசல் பெஞ்சில் உட்கார வைத்து, பொழுது சாய்ந்ததும் அனுப்பிவிடுவார்களாம். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள் இன்ஸ்பெக்டர் அறையில் ஏசி நின்றுபோயிற்று. இவரையே உள்ளே கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

“சரி பண்ணிக் குடுத்துட்டு, மறுபடியும் வந்து பெஞ்சுலயே உக்காந்துக்கிட்டேன் சார்வாள்” என்று சொல்லிச் சிரித்தார். பாஸ்போர்ட் திரும்பி வந்தபோது அவருடைய விசா முடிந்துபோயிருந்தது. வேலையும் போயிற்று.

கிளம்பும்போது வாசல் வரை வந்து கேட்டார்.

“பேரு வராதுல்லா?”

“வராது அண்ணாச்சி. சட்டம் படிச்சவன் சொல்லுதேன்.”

“எனக்கு ஒண்ணுமில்ல. மகனுக்கு இப்பம் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கு. அதுக்குத்தான் கேக்கேன்.”

பெயரைப் போடவில்லை. ஊரையும் போடவில்லை. ஆனால் அந்த ஏசி கதையை விட எனக்கு மனம் வரவில்லை. இருநூறு பக்க அறிக்கையில் உயிருள்ள பக்கம் அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ‘அன்று சட்டமும் அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது’ என்று முடிவில் ஒரு வரி சேர்த்தேன். அதைத் திரும்பத் திரும்பப் படித்து மகிழ்ந்தேன். எத்தனை பெஞ்சுகளில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும், எழுந்து போய் ஏசியைச் சரிசெய்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் ஒருவர்தான் இருப்பார் என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

வெளியீட்டு விழாவுக்குப் போலீஸ் அதிகாரிகளையும் அழைத்திருந்தார்கள். டீ வேளையில் ஓர் அதிகாரி அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடி என்னிடம் வந்தார்.

“சார், இது நம்ம ஏசி அண்ணாச்சிதானே? நான் அங்க இருந்தப்போ என் ரூம் ஏசியைத்தானே சொல்லியிருக்கீங்க?”

அவர் முகத்தில் கோபமே இல்லை. பழைய சிநேகிதரை விசாரிப்பதுபோலத்தான் கேட்டார். யாரைச் சொல்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டிருக்கலாம். ஆய்வில் பேசியவர்களைப் பற்றிச் சொல்லக் கூடாது என்றாவது சொல்லியிருக்கலாம். என் எழுத்தை ஒருவர் இவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறாரே என்ற பூரிப்பில் சிரித்துவிட்டேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

சில மாதம் கழித்து, அறிக்கையில் ஒரு பிரதி கொடுக்கலாம் என்று அண்ணாச்சி வீட்டுக்குப் போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தார். மகனுடைய பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை இன்னும் முடியவில்லை என்றார். “கூட எழுதிப் போட்ட பயலுவளுக்கெல்லாம் வந்துட்டு. இவனுக்கு மட்டும் வரல. அங்கன வேலைக்குச் சொல்லி வச்சவுக எத்தன நாளைக்குக் காத்திருப்பாவ?”

மறுநாளே போனேன். விழாவில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். என்னால்தான் இப்படி ஆயிற்று என்றேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தார்.

“உங்களாலதான்னு நீங்களே தீர்ப்பு எழுதிட்டியளா? ஸ்டேஷன்ல ஒரு ஃபைல் நவுராததுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். நீங்க என்ன, அம்புட்டுப் பெரிய ஆளா சார்வாள்?”

என்னை மன்னித்தாரா, குத்திக்காட்டினாரா என்று இன்று வரை எனக்குப் பிடிபடவில்லை.

மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் மனு போடலாம், செலவு முழுவதும் என்னுடையது என்றேன்.

“அதுல பேரு போடணுமா?”

“மகன் பேரு போடணும். தகப்பன் பேரும், ஊரும்.”

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “பேரு போடாம எழுதுனதுக்கே இந்தப் பாடு. இனி பேரு போட்டு வேற எழுதணுமாக்கும்!”

நீதிமன்றக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று எத்தனையோ மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். உள்ளே நுழையப் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது ஒரு மனிதருக்கு இவ்வளவு பெரிய தடையாக இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். அந்த அதிகாரியைத் தேடிப் போய், அறிக்கையில் வருகிற மெக்கானிக் ஒரே ஆள் இல்லை, பலர் சொன்னதைச் சேர்த்து நானாக எழுதியது என்றேன். ஆயுளில் சாட்சி சொல்வதுபோல நான் சொன்ன பெரிய பொய் அது.

“என் ரூம் ஏசி நின்னது எனக்கு ஞாபகம் இருக்கே சார்” என்றார். இந்தத் தடவை அவர் சிரித்தார். “சரி, நீங்க சொன்னா சரிதான். அப்போ அந்தப் பக்கத்தை எடுத்துருவீங்கல்ல?”

எடுத்துவிடுவதாகச் சொன்னேன். அந்தப் பகுதியை உறுதி செய்ய முடியவில்லை என்று மையத்துக்கு எழுதினேன். இணையத்தில் இருந்த அறிக்கையிலிருந்து அதை நீக்கி, ‘உறுதி செய்ய முடியாததால் நீக்கப்பட்டது’ என்று ஒரு குறிப்பும் போட்டுவிட்டார்கள். அதன் பிறகு கொஞ்ச நாளிலேயே மகனுடைய விசாரணை முடிந்து பாஸ்போர்ட் வந்தது. நான் போய்ப் பேசியதால் வந்ததா, தானாகவே வந்ததா? அந்த அதிகாரி என்னிடம் பேரம் பேசினாரா, சும்மா கேட்டாரா? முதலில் தடுத்தவர் அவர்தானா? ஒன்றும் எனக்குத் தெரியாது. யாரிடம் போய்க் கேட்பது?

மகனைத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில் அண்ணாச்சி பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“அந்தப் பக்கத்த எடுத்துட்டியளாமே. மகன் போன்ல தேடிப் பாத்துட்டு இல்லேங்கான்.”

“உங்களுக்காகத்தான் அண்ணாச்சி எடுத்தேன்.”

“எடுங்கன்னு நான் சொன்னேனா? பெஞ்சுல உக்காந்தது நெசம். வேல போனது நெசம். அது நெசமில்லன்னு எழுதிக் குடுத்திருக்கிய.” குரலை உயர்த்தவே இல்லை. “அவுகளாவது வாங்குன பாஸ்போர்ட்டத் திருப்பித் தந்துட்டாவ. நான் சொன்னத நீங்க வாங்கிட்டுப் போனிய. அதத் திருப்பியும் தரலியே.”

வேறு எங்காவது அதை மறுபடியும் எழுதட்டுமா என்று கேட்டேன். பைய யோசித்து எழுதும்படி சொன்னார். இந்தக் கட்டுரையை எழுதியதும் கொண்டுபோய் அவருக்குப் படித்துக் காட்டினேன். ஏசி மெக்கானிக் என்று போடச் சொன்னது அவர்தான். அன்று ஸ்டேஷனில் நின்றுபோனதும் ஏசி இல்லை. அதிகாரியும் நானும் அவரை அழைத்த பெயர்களும் அதற்கேற்ப மாறியிருக்கின்றன. பெஞ்சை மட்டும் மாற்ற அவர் சம்மதிக்கவில்லை. கடைசி வரை கேட்டுவிட்டு, “இப்பம் நடந்தது இருக்கு, நான் இல்ல. சரியா இருக்கு” என்றார். நல்லது என்று சொன்னாரா, வருத்தத்தில் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

இதைப் படித்துவிட்டு யாராவது ஒருவர் என்னிடம் வந்து, ‘இது நம்ம இன்னார்தானே?’ என்று கேட்கக்கூடும்; அப்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று இந்த வயதில் பழகிக்கொண்டிருக்கிறேன்.