நான் விழுங்கிய ‘லாம்’

பௌர்ணமியன்று காலை அவள் போன் செய்தாள். பத்து வருடங்களுக்கு முன் எங்கள் பள்ளியின் பெண்கள் கபடி அணியில் இடது கார்னரில் நின்றவள். இப்போது அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் மோர்க் கடை வைத்திருக்கிறாள்.

“சார், அந்த மஞ்சள் மாத்திரை பேரு சொல்லுங்க. தங்கச்சிக்கு வேணும்.”

தங்கையும் கபடி ஆடுகிறாள். இரண்டு நாள் முன் பயிற்சியில் யாருடைய முழங்காலோ அவள் நெற்றிப்பொட்டில் இடித்திருக்கிறது. அன்றிலிருந்து தலைவலி, வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது. மறுநாள் கீழ்பென்னாத்தூரில் போட்டி. மாத்திரையைப் போட்டுக்கொண்டு இறங்கிவிடலாம் என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள்.

நேரில் வருகிறேன் என்று வைத்துவிட்டேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. வேங்கிக்கால் வீட்டில் சட்டையை மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன். பௌர்ணமிக்கு கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். ஆட்டோக்காரர் இறக்கிவிட்ட இடத்திலிருந்து, வலம் வரும் கூட்டத்துக்கு எதிராக நடக்க வேண்டியிருந்தது. பெரியவரே, தப்பான பக்கம் போறீங்க என்று மூன்று பேராவது சொல்லியிருப்பார்கள்.

நான் வேதியியல் ஆசிரியராக இருந்தவன். அணிக்கு மேலாளர் என்று என்னையும் சேர்த்திருந்தார்கள். அப்போது ஒரு பத்திரிகையில் படித்தேன்: தலையில் அடிக்கடி சிறு அடிபடும் விளையாட்டு வீரர்களின் மூளையைக் காக்க மீன் எண்ணெய் உதவலாம், இன்னும் ஆராய்கிறார்கள் என்று. அந்த ‘லாம்’ எனக்கு நன்றாகவே கண்ணில் பட்டது. விடைத்தாளில் ‘தோராயமாக’ விட்டுப்போனால் அரை மதிப்பெண் குறைக்கிறவன் நான். ஆனால் பெண்களிடம் மாத்திரையைக் கொடுத்தபோது, “இது மூளையைக் காக்கும்” என்றேன்.

கார்னரில் நிற்பவள் பாடி வருகிறவளின் கணுக்காலைப் பாய்ந்து பிடிக்க வேண்டும். தலை முதலில் போகும். முழங்காலோ குதிகாலோ எங்காவது இடிக்கும். முன்பெல்லாம் அவள் ஒரு நொடி தயங்கித்தான் பாய்வாள். மாத்திரை வந்தபின் அந்தத் தயக்கம் போய்விட்டது. நாங்கள் ஜெயிக்க ஆரம்பித்தோம். அதனால் நான் திருத்தவில்லை.

ஒரு போட்டியில் அடிபட்டு எழுந்தவள் எதிரணியின் பக்கம் போய் நின்றாள். கூப்பிட்டு, ஸ்கோர் என்ன என்று கேட்டேன். காலையில் ஆடிய ஆட்டத்தின் ஸ்கோரைச் சொன்னாள். நான் ஒரு மாத்திரையும் குளுக்கோஸ் தண்ணீரும் கொடுத்து உள்ளே அனுப்பினேன். இரண்டு புள்ளியில் ஜெயித்தோம். கோப்பையோடு எடுத்த போட்டோவில் அவள் மட்டும் கண்ணை மூடியிருப்பாள்.

இப்போது அவளுக்குத் தலைவலி வந்தால் இரண்டு நாள் கடை திறப்பதில்லை. அந்த அடிகளால்தான் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

நான் போனபோது அவள் முந்தானையை நெற்றி வரை இழுத்துவிட்டு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நின்றபடியே சொல்லிவிட்டேன். அந்த மாத்திரை அடியைத் தடுக்கும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி சொன்னேன், அது வெறும் மீன் எண்ணெய்.

அவள் கை நின்றது. “மீனா?”

ஆமாம் என்றேன்.

“தீபத்துக்கு நாங்க அத்தனை பேரும் விரதம் இருந்தோம் சார். வீட்ல கருவாட்டுச் சட்டியக்கூடத் தொடல. என்னா மாத்திரைனு கேட்டதுக்கு வைட்டமின்னு சொன்னீங்க.”

அதை நான் மறந்தே போயிருந்தேன். எவ்வளவோ பெரிய குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவனை அவள் இந்த இடத்தில் பிடிப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை.

“மீனுலயே பொய் சொன்னவரு மூளையில மட்டும் நெஜமா சொல்லிடுவீங்களா” என்றாள். சிரித்த மாதிரி இருந்தது, சிரிப்பில்லை. பிறகு தங்கைக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தாள். “எங்கிட்ட சொன்னத அப்பிடியே சொல்லுங்க. மீனையும் சேத்து.”

சொன்னேன். எந்த மாத்திரையை நம்பியும் நாளைக்கு இறங்காதே, இன்றைக்கே டாக்டரைப் பார், அவர் சரி என்று சொல்லும்வரை களத்துப் பக்கம் போகாதே என்றேன்.

“அக்காவுக்கு எத்தன தடவ அடிபட்டுச்சு சார்?”

ஒவ்வொரு ஆட்டத்தின் புள்ளியையும் நோட்டில் எழுதி வைத்தவன் நான். இதை எழுதவில்லை. போனைக் காதில் வைத்தபடியே, எத்தனை தடவை அடிபட்டது என்று அக்காவிடம் கேட்டேன்.

“ஒம்போது” என்றாள், அடுத்த டம்ளரை எடுத்துக்கொண்டே. “எனக்கு நெனப்பு இருக்கிற வரைக்கும்.”

ஒன்பது என்று போனில் சொன்னேன்.

“சரி, நான் எறங்கல. கோச்சுகிட்ட நீங்களே பேசுங்க. நான் சொன்னா பயந்துட்டானு சொல்லுவாரு.”

அவருடைய எண்ணைக் கேட்டு, கடையில் கிடந்த அட்டைத் துண்டில் எழுதிக்கொண்டேன். அவள் எனக்கு மோர் தரவில்லை. நானும் கேட்கவில்லை. அங்கேயே நின்று அந்த எண்ணை அழுத்தினேன்.