பதினொன்றரை மணிச் சாப்பாடு

என் அண்ணன் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். நான் அவருடைய தங்கை, அந்தக் கடையில் போன் எடுப்பவள். எந்தக் கம்பெனி, எத்தனை லிட்டர், உள்ளே லைட் எரிகிறதா என்று இருபத்திரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டே என் தொண்டை தேய்ந்துவிட்டது. ஆகவே அவரைப் பற்றிச் சொல்லவும் எனக்கு உரிமை உண்டு, திட்டவும் உண்டு.

கல்யாணமான புதிதில் கடை ஒரு மூலையில், வீடு ஒரு மூலையில். அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: மத்தியானச் சாப்பாட்டுக்காவது வாருங்கள், சேர்ந்து சாப்பிடலாம் என்று. அண்ணனும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு வருவார், பாதியில் எழுந்து ஓடுவார். பெரியவன் பிறந்ததும் அவருக்கு ஒரு மகா யோசனை உதித்தது. கடைக்கு மேலேயே குடிவந்துவிட்டால் எந்நேரமும் குடும்பத்தோடு இருக்கலாமாம்.

பதினாறு படிதான். அண்ணன் மேலே ஏறவில்லை, கடைதான் ஏறியது. சாப்பாட்டு மேஜையில் கம்ப்ரசர். குளியலறை வாளியில் ஊறும் கதவு ரப்பர். சின்னவளின் தொட்டிலுக்கு அடியில் செப்புக் குழாய்ச் சுருள். சாப்பாடு ஆறுகிறது என்று அண்ணி மேலேயிருந்து போன் போடுவார். எடுப்பது நான். அண்ணன் கேஸ் நிரப்பிக்கொண்டிருக்கிறார் அண்ணி, பத்து நிமிஷம் என்பேன். அந்தப் பத்து நிமிஷம் நாலு மணிக்கு முடியும். வருடக்கணக்காக இதைச் சொன்ன வாய் இது.

பிள்ளைகள் படித்தார்கள், ஆளுக்கொரு ஊருக்கு வேலைக்குப் போனார்கள். போன வருடம் ஒரு ஃப்ரிட்ஜை நகர்த்தும்போது அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேலையைக் குறைக்காவிட்டால் வேலை உங்களைக் குறைத்துவிடும் என்றார் டாக்டர். மனுஷன் ஆடிப்போனார். இரண்டு மெக்கானிக்குகளைச் சேர்த்தார். ஷட்டரில் தன் கையாலேயே எழுதினார்: மதியம் ஒன்று முதல் மூன்று வரை கடை கிடையாது.

"இனிமே உங்க அண்ணியோடதான் சாப்பாடு" என்று என்னிடம் சொல்லும்போது புது மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டார். எனக்கே கண் கலங்கிவிட்டது.

முதல் நாள் என்னையும் மேலே இழுத்துக்கொண்டு போனார். அண்ணி எங்கள் இருவருக்கும் பரிமாறினார். நீ உட்காரவில்லையா என்று அண்ணன் கேட்டதற்கு, பதினொன்றரைக்கே ஆயிற்று என்றார். இவர் எப்போது வருவார் என்று தெரியாது, வந்தால் எழுந்து பரிமாற வேண்டும், அதனால் முன்னாலேயே தன் சாப்பாட்டை முடித்துக்கொள்வது அண்ணிக்கு எத்தனையோ வருடப் பழக்கம். ஒரு மணிக்கு அவருக்குப் பசியே எடுக்காது. மரியாதைக்கு எதிரே உட்கார்ந்தார். அண்ணனுக்குப் பேசத் தெரிந்ததெல்லாம் தெர்மோஸ்டாட்தான், அதையே பேசினார். அண்ணி 'ம்' கொட்டினார். கீழே போன் அடித்தபோதெல்லாம், இவர் இறங்கிப் போகமாட்டாரா என்று படியைப் பார்த்தார்.

பத்து நாள் இப்படியே ஓடியது. அண்ணன் விடுகிற ஆளா? அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஷட்டரில் நேரத்தை அழித்துப் பதினொன்றரை என்று மாற்றி எழுதினார். பிறகு படியேறினார், பின்னாலேயே நான்.

அண்ணி சமையலறை ஜன்னல் ஓரம், மடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தார். ரேடியோ சின்னதாகப் பாடிக்கொண்டிருந்தது. முகத்தில் நான் பார்த்தே இராத ஒரு நிம்மதி. எங்களைக் கண்டதும் ரேடியோவை அணைத்துவிட்டு எழுந்தார்.

"நீ உட்காரு, இனிமே நானும் இப்பவே சாப்பிடறேன்" என்றார் அண்ணன்.

அண்ணி தட்டைக் கையில் பிடித்தபடியே நின்றார். குரலில் கோபமே இல்லை.

"நாள் முழுக்க இந்த அரைமணி நேரம்தான் எனக்குன்னு இருக்கு. இதையும் கேக்கறீங்களா?"

அண்ணன் முகம் செத்துவிட்டது. இல்லை இல்லை, நீ சாப்பிடு என்று முணுமுணுத்து, தனக்கு ஒரு தட்டில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். அண்ணி தடுக்கவில்லை. எனக்கு அண்ணிமேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மனுஷன் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார், கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? கேட்டிருப்பேன். எந்த முகத்தோடு கேட்பது?

ஷட்டர் பாதி இறங்கிய கடையில், பிரித்துப்போட்ட இரண்டு ஃப்ரிட்ஜுகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் அண்ணன் உட்கார்ந்து சாப்பிட்டார். மெக்கானிக்குகள் வெளியே போயிருந்தார்கள். அவர் சாப்பிடுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"நீ வீட்டுக்குப் போய்ச் சாப்பிடேன்" என்றார்.

என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்று ஒரு வருடமாக வீட்டில்தான் இருக்கிறார். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொள்வார், எனக்கு இங்கே போன் இருக்கிறது என்றேன்.

அண்ணன் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "மாப்பிள்ளை எத்தனை மணிக்குச் சாப்பிடுவாரு?"

ஒரு மணிக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு மணியா, இரண்டா? எனக்குத் தெரியவில்லை.