மெஹர் பானு சொல்லாத பெயர்

கடையநல்லூரில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த மெஹர் பானு அக்கா, நாற்பது வயதுக்கு மேல்தான் இந்த ஆய்வு வேலைக்கு வந்தார். குற்றாலத்து லாட்ஜுகளில் அறை கழுவும் பெண்களின் வாழ்க்கையை அவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அக்கா கேட்பார், நான் குறிப்பெடுப்பேன். முன்பின் தெரியாதவர்களிடம் எனக்குப் பேச்சு வராது.

தென்காசியில் எங்களுக்குப் பயிற்சி நடந்தது. "பதிலைக் கேள்விக்குள்ளேயே வைக்காதீங்க" என்று அக்காவிடம்தான் அதிகம் சொன்னார்கள். "நனைஞ்ச துணியோட வேலை பாக்கது கஷ்டம்தானக்கா?" என்று அவரே கேட்டு அவரே தலையாட்டிவிடுவார். தையல் மிஷின் முன்னால் ஓயாமல் பேசிப் பழகிய வாய். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதற்காக முந்தானையைப் பல்லில் கடித்துக்கொள்வார். முதல் பேட்டியை ஐந்தருவிப் பக்கம் எடுத்தோம். போட்டுப் பார்த்தால் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்.

"அருவிதான் பேட்டி குடுத்திருக்கு" என்றார் அக்கா.

அடுத்ததை ஒரு லாட்ஜின் மாடியில், துண்டு காயப்போடும் தகரக் கொட்டகையில் வைத்தோம். அங்கே அறை கழுவும் மூன்று பேர் ஒவ்வொருவராக வந்தார்கள். இரண்டு பேர் ஒன்றும் குறையில்லை என்று சட்டென இறங்கிப் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும், "எம் பேரு வெளிய வராதுல்லா?" என்று கேட்டார். "வராது" என்றார் அக்கா. பிறகுதான் அவர் பேசினார். சீசன் முழுக்க ஈரத் துணியோடு நிற்பதையும், துணி மாற்றத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையை மூன்று பேரும் சேர்ந்து கேட்டதற்கு மேனேஜர் சிரித்ததையும் சொன்னார். அவர் பெயரை நான் இங்கேயும் எழுதப் போவதில்லை.

மறுநாள் மேனேஜர் அருமைநாயகம் எங்களை வாசலிலேயே நிறுத்தினார்.

"தண்ணித்தொட்டி பாக்க மாடிக்குப் போனவன் காதுல விழுந்திருக்கு. துணி மாத்த இடமில்லைன்னு சொன்னது எவ? அந்த ரெக்கார்டைப் போடு."

"போட மாட்டோம் அண்ணாச்சி" என்றார் அக்கா.

"எங்க லாட்ஜு. எங்க ஆளு."

"ஆளு ஒங்க ஆளுதான். பேச்சு அவங்களோடதுல்லா."

"சொல்லலைன்னா மூணு பேரையும் வேலைய விட்டு நிப்பாட்டிருவேன்."

அக்கா குரலை உயர்த்தவேயில்லை.

"நிப்பாட்டுங்க. நாளைக்குச் சனிக்கிழமை, சாரலும் நல்லா விழுது. ரூம் பூரா புக் ஆயிட்டுன்னு போர்டு வச்சிருக்கிய. வாளியும் தொடப்பமும் எங்கன இருக்குன்னாவது தெரியுமா ஒங்களுக்கு?"

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த வேன் டிரைவருக்குப் புரையேறியது. மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, நீதான எழுதினவ. நல்ல பிள்ளை மாதிரி இருக்க. நீ சொல்லு. இங்கனயே ஒனக்கு ஒரு வேலை போட்டுத் தாரேன்."

"யாருன்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி. சொல்ல மாட்டேன்."

இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்றார். நாங்களும் மிதிக்கவில்லை. சனி, ஞாயிறு கூட்டத்தில் அவரால் ஒருவரையும் நிறுத்த முடியவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம், அன்று சட்டென இறங்கிப்போன இருவரும் பஸ் நிலையத்தில் எங்களைத் தேடி வந்தார்கள். சேலை நுனி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"வாசல்ல நடந்தத வேன் டிரைவர் சொன்னாரு. எங்ககிட்ட மறுபடி கேளுங்கக்கா" என்றார் மூத்தவர்.

மெஹர் பானு அக்கா இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். "ஒரு நாள் வேலை எப்படிப் போகும்னு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, முந்தானையை எடுத்துப் பல்லில் வைத்தார்.